அழுக்குக்கும் ஒரு அட்ரஸ் இருக்கு!

காரைக் கழுவுகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். முதல் பக்கெட் தண்ணீர் கூரைக்கு. ரெண்டாவது பானட்டுக்கு. மூணாவது கதவுகளுக்கு. கடைசியில் பக்கெட் அடியில் மிச்சம் இருக்கும் கலங்கல் தண்ணிதான் வீலுக்கும் கிரில்லுக்கும். கல்யாணப் பந்தியில கடைசி வரிசைக்கு வர்ற ரசம் மாதிரி! ஆனா பாஸ், காரிலேயே அதிகமா அடி வாங்குறது அந்த ரெண்டு இடமும்தான். சேறு, தார், பிரேக் தூள் எல்லாம் வீலுக்கு. பூச்சி, புழுதி, முன்னால் போகும் லாரியின் புகை எல்லாம் கிரில்லுக்கு.

இந்த ரெண்டு பாவப்பட்ட ஜீவன்களுக்கும் இப்போ ஒரு மருந்து வந்திருக்கு. ஸ்ப்ரே சீலண்ட்! ஈரமான வீல் மேல் அடிக்கணும். உடனே தண்ணியால் அலசணும். அவ்வளவுதான். தேய்க்க வேண்டாம், மணிக்கணக்கில் காய வைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை அழுக்கு தானாக வழுக்கிக்கொண்டு போகும் என்கிறது பாட்டில். கடையில் விட்டு செராமிக் கோட்டிங் போடணும்னா ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கணும். இது சில நூறு ரூபாயில் முடிஞ்சுடும்.

நிஜமாவே வேலை செய்யுதா, இல்லே சும்மா பந்தாவா? மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு இதைச் சோதிக்க ஒரு லேப் கிடைத்தது. எங்க ஊர் தெரு. எங்க சித்தப்பாவோட இன்னோவா. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சுது. கூடவே, கேட்காத ஒரு கேள்விக்கும்!

ஸ்பூன் ரகசியம்

எங்க ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே பார்சுவநாதர் கோயில். வந்தவாசி, ஆரணி பக்கத்து நயினார் குடும்பங்கள் இங்கே சாமி கும்பிட வந்தால், அப்படியே செஞ்சி திருநாதர்குன்று, வந்தவாசி பக்கம் பொன்னூர்மலை என்று ஒரு ரவுண்டு போய் வருவார்கள். இன்னொரு பக்கம் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை ஒன்றாகச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. அதில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

கோயிலும் கோட்டையும்தான் எங்க சித்தப்பாவுக்குச் சோறு. சொந்தமா ஒரு செகண்ட் ஹேண்ட் இன்னோவா. அலாய் வீல், குரோம் கிரில், இன்னும் முடியாத லோன். “வண்டி பளிச்சுனு இருந்தாத்தான்டா அடுத்த தடவை கூப்பிடுவாங்க. டிரைவர் மூஞ்சியை யாருடா பாக்குறா? இறங்கினதும் வீலைத்தான் பாக்குறாங்க” என்பது அவருடைய தத்துவம். ராத்திரி ரெண்டு மணிக்கு வீடு திரும்பினாலும், காலையில் ஆறு மணிக்கு வீல் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் பழைய டூத் பிரஷ். பக்கத்தில், பாத்ரூம் டைல்ஸ் கழுவுகிற ஆசிட்.

அந்த ஆசிட்தான் என் பிரச்னை. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அலுமினியமும் அந்த அமிலமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி. உலோகம் கரையும், ஹைட்ரஜன் குமிழி விடும். வீலுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் பூச்சு இருக்கிறவரை தப்பிக்கும். கல்லடி பட்டு அது விரிந்த இடத்தில் அமிலம் உள்ளே போய், புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். சித்தப்பா வண்டியில் அந்தக் கோடு நிறைய.

வீலுக்கே இந்தக் கதி என்றால் கைக்கு? அவர் விரல் நுனியெல்லாம் வெடித்து, தோல் உரிந்து கிடக்கும். ரசம் சாதம் பிசைந்தால் எரியும். அதனால் வீட்டிலும் ஸ்பூனில்தான் சாப்பிடுவார். கேட்டால், “ஸ்டைலுடா” என்று சிரிப்பார். ஸ்டைல் இல்லை என்பது எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டோம்.

காந்தம் சொன்ன கதை

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? முன் வீலில் படிகிற அந்தக் கறுப்பு, ரோட்டுப் புழுதி இல்லை. அதை நிரூபிக்க ஒரு சுலபமான சோதனை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பாலித்தீன் கவரில் சுற்றி, அந்தத் தூள் மேல் தடவிப் பாருங்கள். மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இரும்பு!

அது எங்கிருந்து வருகிறது? பிரேக்கில் இருந்து. வார்ப்பிரும்பால் ஆன டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. டிஸ்க்கும் தேய்கிறது, பேடும் தேய்கிறது. ஆளும் லக்கேஜும் சேர்த்து 2,200 கிலோ இருக்கும் வண்டி, மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 5.4 லட்சம் ஜூல். ஒரே ஒரு முறை பிரேக் அடித்து வண்டியை நிறுத்தினால், அத்தனையும் பெரும்பாலும் பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது. கிட்டத்தட்ட ரெண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. அந்தச் சூட்டில் பறக்கும் இரும்புத் துகள்களும், பேடில் இருக்கும் பிசினும் சேர்ந்து வீலில் போய் அப்பிக்கொள்ளும். ராத்திரிப் பனியில் இரும்பு துருப்பிடிக்கும். காலையில் வெறும் தண்ணீர் ஊற்றினால் அசையவே அசையாது.

பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், வேலை அதிகம் முன் பிரேக்குக்குத்தான். போதாக்குறைக்கு இன்னோவாவில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்முக்குள் தூள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். முன் வீல் மட்டும் கரி பூசின மாதிரி இருப்பது அதனால்தான்.

சென்னை பாடியில் பிரேக் செய்கிற பிரேக்ஸ் இந்தியாவும் இருக்கிறது, வீல் செய்கிற வீல்ஸ் இந்தியாவும் இருக்கிறது. ஒரே ஏரியாக்காரர்கள்! ஆனால் ரோட்டுக்கு வந்துவிட்டால் பிரேக்குக்கும் வீலுக்கும் ஜென்மப் பகை.

இது வெறும் அழகுப் பிரச்னையும் இல்லை. பிரேக் பேடில் இருந்து உதிரும் செம்பு, மழைத் தண்ணீரில் கலந்து ஆற்று மீன்களைப் பாதிக்கிறது என்று 2010-ல் கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டது. செம்பின் அளவை 2021-க்குள் 5 சதவிகிதத்துக்கும், 2025-க்குள் அரை சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவரச் சொன்னது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் கொண்டுவந்த ‘யூரோ 7’ விதிகள், புகைக்கு மட்டுமல்லாமல் பிரேக் தூளுக்கும் முதல் முறையாக வரம்பு வைத்திருக்கின்றன. இன்ஜின் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு எலெக்ட்ரிக் கார்களுக்கு 3 மில்லிகிராம். நம்ம ஊர்ல சித்தப்பா டூத் பிரஷ்ஷால் தேய்ச்சு வாய்க்காலில் விடுறதை, அங்கே மில்லிகிராமில் எடை போடுறாங்க!

பாட்டிலுக்குள்ள தாமரை இலையா?

‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பதற்கு நாம எப்பவோ சொல்லிவெச்சாச்சு. ஏன் ஒட்டவில்லை என்பதை ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸ் ரெண்டு பேரும் 1997-ல் விளக்கினார்கள். தாமரை இலை பார்க்கத்தான் வழவழ. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் முழுக்க மேடு பள்ளம், அதன் மேல் மெழுகுத் துணுக்குகள். தண்ணீர் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் நின்று, உருண்டையாகத் திரண்டு, தூசியையும் அள்ளிக்கொண்டு உருண்டு ஓடிவிடுகிறது.

சீலண்ட் பாட்டில்களின் விளம்பரத்தில் தவறாமல் தாமரை வருகிறது. ஆனால் கணக்கு கொஞ்சம் வேற. ஒரு பரப்பின் மேல் தண்ணீர்த் துளி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் ஒட்டாத தன்மையை அளப்பார்கள். தாமரை இலையில் அது 150 டிகிரிக்கும் மேல். வழவழப்பான பரப்பில் என்ன ரசாயனம் பூசினாலும் சுமார் 120 டிகிரிக்கு மேல் தாண்டாது. மேடு பள்ளம் இல்லாமல் தாமரை இல்லை. ஆக, பாட்டிலுக்குள் இருப்பது தாமரை இலை இல்லை. தாமரை இலையோட தூரத்துச் சொந்தம்!

சரி, அலசும்போது அதுவும் சேர்ந்து போய்விடாதா? நியாயமான சந்தேகம். இந்த வகை சீலண்ட்கள் பெரும்பாலும் தண்ணீரில் கலந்த சிலிக்கோன் சேர்மங்கள். அவற்றில் நேர்மின்னூட்டம் உள்ள பகுதிகள் இருக்கும். ஈரமான பெயின்ட் பரப்பு பொதுவாக எதிர்மின்னூட்டம் கொண்டது. ரெண்டும் பார்த்தவுடனே காதல்! ஒட்ட வேண்டியது ஒட்டிக்கொள்ளும். வேகமாக அடிக்கும் தண்ணீர் அதைச் சமமாகப் பரப்பி, மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போகும். ஹேர் கண்டிஷனர் தலையில் தங்குவதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

கொரியாவின் கியான், கார்ப்ரோ, ஜெர்மனியின் சோனாக்ஸ், அமெரிக்காவின் டர்ட்டில் வாக்ஸ் என்று பல கம்பெனிகள் இந்த ரகத்தில் சரக்கு விடுகின்றன. 1901-ல் மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் செய்து ஆரம்பித்த மெகுயர்ஸும் இந்த ஆட்டத்தில் இருக்கிறது. 2008-ல் அந்தக் கம்பெனியை 3எம் வாங்கிவிட்டது. லேபிளில் ‘செராமிக்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால், சிலிக்கா சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதற்காகக் கடையில் போடும் செராமிக் கோட்டிங் மாதிரி வருஷக்கணக்கில் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இது சில வாரச் சமாசாரம். தினமும் சூடாகிற வீலில் இன்னும் கொஞ்சம் கம்மி.

பாதி ராஜா, பாதி கூஜா

நான் வாங்கின அரை லிட்டர் பாட்டில் 500 ரூபாய்க்குள்தான். சோதனை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டுமே! அதனால் வண்டியைப் பாதியாகப் பிரித்தேன். இடது பக்கம் ரெண்டு வீலுக்கும் சீலண்ட். வலது பக்கம் ரெண்டுக்கும் வெறும் கழுவல். “இன்னாடா இது, பாதி மொட்டை அடிச்ச மாதிரி” என்று சித்தப்பா அலுத்துக்கொண்டார்.

முதலில் நாலையும் ஒரே அளவுக்குச் சுத்தமாக்கணும். ஆசிட் வேண்டாம் என்று, இரும்புத் தூளைக் கரைக்கிற ‘அயர்ன் ரிமூவர்’ அடித்தேன். அதில் இருக்கும் தயோகிளைக்கோலேட் உப்பு இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாகி வழியும். நாத்தம் மட்டும் அழுகின முட்டை. தெருவில் போன ரெண்டு வாண்டுகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்ததுகள். ஷாம்பு, பிரஷ் போட்டுக் கழுவி முடித்து, இடது பக்கம் மட்டும் ஸ்ப்ரே. மோட்டார் ஹோஸ் முனையைக் கட்டைவிரலால் அமுக்கி, வேகமான தண்ணீரில் அலசல். ரெண்டு வீலுக்கும் சேர்த்து அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

ரெண்டு வாரம் வண்டி தன் பாட்டுக்கு ஓடியது. திருவண்ணாமலை, வந்தவாசி, பாண்டிச்சேரி. அதுவரை வீலைத் தொடக் கூடாது என்று சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் பட்ட வேதனை அவருக்குத்தான் தெரியும்!

பதினைந்தாம் நாள் ரிசல்ட். பின் வீலில் சந்தேகமே இல்லை. சீலண்ட் போட்ட இடது பின் வீலில் சேறு தண்ணி பட்டதும் கழன்று விழுந்தது. போடாத வலது பின் வீலுக்கு பிரஷ் தேவைப்பட்டது. ஆனால் முன்னால் வந்தால்... ஷாக்! சீலண்ட் போட்ட இடது முன் வீல், போடாத வலது முன் வீலைவிடக் கறுப்பு. கொஞ்சநஞ்சம் இல்லை, தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரிகிற அளவு.

“உன் மருந்து அழுக்கைக் கூப்ட்டு உட்கார வெக்குதுடா” என்று சித்தப்பா சிரித்தார்.

தண்ணீர் அடித்தேன். அத்தனை கறுப்பும் பிரஷ் படாமலேயே வழிந்து போனது. கறுப்பு குறைவாக இருந்த வலது வீலோ தண்ணீருக்கு அசையவில்லை. பிரஷ்ஷும் ஷாம்புவும் போட்டு எட்டு நிமிஷம் தேய்த்த பிறகுதான் விட்டது. ஆக, சீலண்ட் வேலை செய்கிறது. சுத்தமாக வேலை செய்கிறது. அப்புறம் ஏன் அந்த வீலில் மட்டும் அவ்வளவு அழுக்கு?

கேட்காத கேள்வி

இந்த முறை முன் வீல் ரெண்டுக்கும் சீலண்ட் போட்டோம். இப்போ ரெண்டும் ஒரே ஆரம்பக் கோட்டில். திருவண்ணாமலைக்கு ஒரு ட்ரிப் போய் வந்ததும், வெள்ளை பனியன் துணி ரெண்டு எடுத்து, ரெண்டு வீலிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி துடைத்தேன். வலது துணி சாம்பல் நிறம். இடது துணி அடுப்புக்கரி. வண்டி நின்ற சூட்டில் வீலைத் தொடாமல் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தால், இடது பக்கம் அனல் அதிகமாக அடித்தது.

பிரேக் தூள் அதிகம் என்றால் உரசல் அதிகம். சித்தப்பா மிதிக்காதபோதும் அந்த வீலில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக் அண்ணனிடம் போனோம். ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலைக் கையால் சுற்றிவிட்டார். வலது வீல் நாலைந்து சுற்று ஓடியது. இடது வீல் ‘கர்ர்ர்’ என்று அரைச் சுற்றில் நின்றுவிட்டது.

கழற்றிப் பார்த்தால், காலிப்பர் நகர்கிற பின்னில் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் காய்ந்து, துரு ஏறி இறுகிப்போய் இருந்தது. காலிப்பர் தாராளமாக நகர்ந்தால்தான் ரெண்டு பேடும் ஒரே அளவில் கவ்வும், காலை எடுத்ததும் விடும். இங்கே அது நகரவே இல்லை. வெளிப்பக்க பேடில் பாதி மிச்சம். உள்பக்க பேடு கிட்டத்தட்ட இரும்புத் தகடு வரைக்கும் தேய்ந்திருந்தது. வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது, நன்றாக இருக்கும் அந்த வெளிப்பக்க பேடுதான்.

மெக்கானிக் அண்ணன் அதை விரலால் தட்டிக்காட்டி, “எந்த ஊருக்குக் கிளம்புறதா இருந்தீங்க?” என்றார்.

அந்த வார சனிக்கிழமைக்கு ஒரு குடும்பம் புக் பண்ணியிருந்தது. கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. ரெண்டு குழந்தைங்க, ஒரு தாத்தா உட்பட ஏழு பேர். சித்தப்பா பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த டயர் மேல் உட்கார்ந்தவர், டீ ஆறுகிறவரை எழுந்திருக்கவே இல்லை.

அவர் தினமும் வீலைத் தேய்க்கிறவர். உண்மையில், நான் பார்த்த டிரைவர்களிலேயே வீலுக்குப் பக்கத்தில் அதிக நேரம் உட்கார்ந்தவர் அவர்தான். ஆனால் பழைய அழுக்கு மேல் புது அழுக்கு வேகவைத்த மாதிரி அப்பிக் கிடந்தால், எந்த வீலில் நேற்று எவ்வளவு படிந்தது என்று யாருக்கும் தெரியாது. நாலு வீலும் ஒரே கறுப்பு, நாலுக்கும் ஒரே ஆசிட். சீலண்ட் செய்த பெரிய உபகாரம் பளபளப்பு இல்லை. கணக்கைப் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்க வைத்ததுதான். கரும்பலகையை அழித்தால்தானே புதுசா எழுதுறது தெரியும்!

பின்னை மாற்றி, புது பேடு போட்டு, சனிக்கிழமை கொல்லிமலை போய்வந்தது வண்டி. ஆசிட் பாட்டில் இப்போ பாத்ரூமில் மட்டும்தான். அஞ்சாறு வாரத்தில் சித்தப்பா விரலில் புதுத் தோல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புச் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். சித்தி ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றினாங்க.

கிரில் எழுதுற டைரி

வீல் இப்படி என்றால், கிரில் வேற மாதிரி. எங்க ஊர்ப் பாட்டி ஒருத்தர், சமணக் குடும்பம், சித்தப்பாவின் ரெகுலர் சவாரி. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். விளக்கு வெளிச்சத்தில் தெரியாமல் ஒரு பூச்சி சோற்றில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு முறை பொன்னூர்மலையில் இருந்து திரும்ப லேட்டாகி, மழை விட்ட இருட்டில் வந்தார்கள். ஈசல் சீசன். வண்டி நின்றதும் பாட்டி இறங்கி, ஹெட்லைட் வெளிச்சத்தில் கிரில்லைப் பார்த்தார். குரோம் தெரியவில்லை. அவ்வளவு பூச்சி.

“ஏம்பா தம்பி, இம்புட்டும் இன்னிக்கு ஒரு ராத்திரியிலயா?”

“ஆமாம்மா.”

“ம்.”

அவ்வளவுதான். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. வீட்டுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு பாட்டி சவாரி என்றால் சித்தப்பா மத்தியானம் மூணு மணிக்கே ஹாரன் அடித்துக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறார்.

சீலண்ட் கிரில்லுக்கு நல்ல மருந்துதான். பூச்சிச் சாறு வெயிலில் காய்ந்தால் குரோமையும் பெயின்ட்டையும் அரிக்கும். சீலண்ட் இருந்தால் ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் போட்டு வைத்து, தண்ணீர் அடித்தாலே போய்விடுகிறது. நோண்டிச் சுரண்ட வேண்டியதில்லை. ஆனால் அத்தனை சுலபமாகக் கழுவிவிட முடிகிறதாலேயே, ஒரு விநாடி நின்று பார்க்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது. டென்மார்க்கில் ஆண்டர்ஸ் மோலர் என்ற விஞ்ஞானி அப்படித்தான் பார்த்தார். 1997-ல் இருந்து 2017 வரை ஒரே ரெண்டு ரோட்டில் கார் ஓட்டி, முன் கண்ணாடியில் மோதிச் செத்த பூச்சிகளை எண்ணிக்கொண்டே வந்தார். இருபது வருஷத்தில் ஒரு ரோட்டில் 80 சதவிகிதம், இன்னொன்றில் 97 சதவிகிதம் குறைந்துவிட்டது. பூச்சிகள் காணாமல் போவதை ஒரு கார் கண்ணாடி சொல்லியிருக்கிறது. எங்க ஊர் கிரில்லில் இன்னும் ஈசல் இருக்கிறது என்பதில், பாட்டி மன்னிக்கணும், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருக்கிறது.

ஹாஸ்டல் பார்க்கிங் பாடம்

நம்மகிட்ட கார் ஏது பாஸ், பைக்தானே என்கிறீர்களா? இதெல்லாம் பைக் அலாய் வீலுக்கும் பொருந்தும். ஆனால் சில கண்டிஷன்கள்.

சூடான வீலில் அடிக்காதீர்கள். வண்டி நின்று, வீல் ஆறி, நிழலில் இருக்கும்போது மட்டும். வெயிலில் அடித்தால் அலசுவதற்குள் காய்ந்து, திட்டுத் திட்டாகக் கறை நிற்கும்.

முதலில் நன்றாகக் கழுவுங்கள். அழுக்கு மேல் சீலண்ட் அடித்தால், அழுக்குக்குத்தான் பாதுகாப்பு!

டயர் தரையைத் தொடுகிற பகுதியில் படவே கூடாது. ஒட்டாத தன்மை வீலுக்கு அழகு, டயருக்கு ஆபத்து. அதுவும் ரெண்டே டயரில் நிற்கிற பைக்கில்.

பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் நேராக அடிக்காதீர்கள். பைக்கில் டிஸ்க் வெளியே தெரிகிறபடி இருப்பதால், பாட்டிலை நேராக நீட்டாமல் துணியில் அடித்து வீலில் தடவி அலசுவது நல்லது. முடிந்ததும் காலி ரோட்டில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்து, சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

ஏரிக்கரையிலும் கிணற்றடியிலும் வண்டி கழுவ வேண்டாம். ஷாம்பு தண்ணியோட, பிரேக் தூளும் அதே ஏரிக்குத்தான் போகும்.

கணக்கும் சொல்லிடறேன். காலேஜ் லேபில் மெஷரிங் ஜாடியில் அடித்துப் பார்த்ததில், ட்ரிக்கரை ஒரு முறை அமுக்கினால் சுமார் 1 மில்லி வருகிறது. ஒரு வீலுக்கு 8 அமுக்கல், நாலு வீலுக்கு 32, கிரில்லுக்கு 8. மொத்தம் 40 மில்லி. அரை லிட்டர் பாட்டில் பன்னிரண்டு முறை வரும். ஒரு முறைக்கு 40 ரூபாய்க்கு மேல் போகாது. மாசத்துக்கு ஒரு தடவை என்றால், ஒரு பாட்டில் ஒரு வருஷம்.

விலை அதிகமான பாட்டில் இதைவிட நன்றாக இருக்குமா? கொஞ்ச நாள் கூட நிற்கலாம். ஆனால் எந்த விலை பாட்டிலும் பிரேக்கைச் சரிபண்ணாது. எந்த வீல் அதிகமாகக் கறுக்கிறது, எந்தப் பக்கம் சூடு அதிகம், கிரில்லில் நேற்று என்ன மோதியது என்பதெல்லாம் அழுக்கு நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிற லெட்டர். சீலண்ட் அந்த லெட்டரைச் சுலபமாக அழிக்கும். அதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். அட்ரஸ் உங்களுக்குத்தான் போட்டிருக்கும்!